வாசலில் ஒரு சாண்

அம்மா விழுந்த செய்தி வந்தபோது நான் ஒலிபரப்பில் இருந்தேன். மாலை ஐந்தரை மணி. கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கெங்கே நெரிசல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தயாரிப்பாளர் தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

"உங்க அம்மா பிரிக்பீல்ட்ஸ்ல விழுந்துட்டாங்களாம். கை உடைஞ்சிருக்கும்னு சொல்றாங்க. பயப்படாதீங்க, பேசுறாங்க."

2024 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த நேரம் அது. சாதாரணமாக அம்மா தீபாவளித் துணியை மஸ்ஜித் இந்தியாவில்தான் எடுப்பார். அந்த வருடம் போக மறுத்துவிட்டார். ஏன் என்று உங்களுக்கே தெரியும். ஆகஸ்ட் 23-ஆம் தேதி காலையில், ஆந்திராவிலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்த 48 வயதுப் பெண் ஒருவர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் நடைபாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் காலடியில் நிலம் இறங்கியது. எட்டு மீட்டர் பள்ளம். ஒன்பது நாள் தேடினார்கள், அவர் கிடைக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் நாங்கள் ஒவ்வொரு மணிச் செய்திக்குப் பிறகும் என்ன பாட்டு போடுவது என்று தெரியாமல் திண்டாடினோம். அம்மா வீட்டில் வானொலியை அணைத்தே வைத்திருந்தார்.

"அங்க வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் போதும். அங்கயாவது தரை தரையா இருக்கும்" என்று சித்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்பியவர்தான்.

மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "தரை இருக்கும்னு நினைச்சு கால வச்சேன்டி. தரை இல்ல."

ஒரு துணிக்கடையிலிருந்து பக்கத்துப் பாத்திரக் கடைக்குப் போகும் இடத்தில் ஐந்தடியின் தரை சட்டென்று கீழே இறங்குகிறது. படி என்று அதைச் சொல்ல முடியாது. படி என்றால் படி போல இருக்கும், கண்ணுக்குத் தெரியும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிற டைல்ஸ். இடது மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த வருடம் எங்கள் வீட்டில் முறுக்கு கடையில் வாங்கியது.

ஐந்தடி என்பதை இளம் வாசகர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பழைய கடைவரிசைகளில், மேல்மாடி முன்னால் நீண்டு நிற்க, அதன் அடியில் தூண்களுக்குள்ளே நாம் நடந்து போகிறோமே, அதுதான். மலாயில் காக்கி லீமா. நம் பெரியவர்கள் வாயில் 'அஞ்சடி'. இந்தோனேசியாவில் இதே சொல்லுக்குத் தெருவோர வியாபாரி என்று அர்த்தம் வந்துவிட்டது. ஐந்தடியில் நடப்பவரைவிட விற்பவர் அதிகம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் நேர்மையாக ஒப்புக்கொண்டார்கள் போலும்.

மறுநாள் நிகழ்ச்சிக்கு முன்பாக நான் அந்த இடத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்கவில்லை. ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் விளக்குத் தோரணங்கள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். 2010 அக்டோபர் 27-ஆம் தேதி நம் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா'வைத் திறந்துவைத்த இடம். வெளியே சாலையோரம் இருக்கும் நடைபாதை பரவாயில்லை. தூணுக்குள்ளே நுழைந்தால்தான் கதையே வேறு. ஒரு கடை சிவப்பு சிமெண்ட், அடுத்தது பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், அடுத்தது உடைந்த மொசைக். ஒன்று உயரம், ஒன்று பள்ளம், ஒன்று சாய்வு. நடுநடுவே மோட்டார்கள், அட்டைப்பெட்டிகள், ஒரு நாற்காலி, அதில் ஒரு பூனை. அம்மா விழுந்த இடத்தில் கையை வைத்து அளந்தேன். என் கைக்குச் சரியாக ஒரு சாண்.

பாத்திரக் கடைக்காரர் நல்ல மனிதர். அம்மாவுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, டாக்சியும் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். "இங்க நிறைய பேர் விழுவாங்கம்மா" என்றார், மழை வரும் என்று சொல்வது போல. "நாங்க வாடகைக்கு வந்தப்பவே இப்படித்தான். பக்கத்துல உயர்த்திட்டாங்க." துணிக்கடையில் கேட்டால், "நாங்க தரைய நல்லாத்தான் போட்டிருக்கோம், அவங்கதான் தாழ்வா வச்சிருக்காங்க." இரண்டு கட்டட உரிமையாளர்களுமே அங்கே இல்லை. ஒருவர் சுபாங்கில் இருக்கிறாராம். இன்னொருவர் எங்கே என்று வாடகைக்காரருக்கே தெரியவில்லை. வாடகை மட்டும் மாதா மாதம் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

மாநகர் மன்ற முகப்பில் இருந்த அதிகாரி ஒரு மலாய் அக்கா. என்னிடம் எரிச்சல் இருந்தது, அவரிடம் பொறுமை இருந்தது. ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார். இது சாலை. இது வடிகால். வடிகாலுக்கு இந்தப் பக்கம், சாலையை ஒட்டி இருக்கும் நடைபாதை பொது நிலம், அது எங்கள் பொறுப்பு. வடிகாலுக்கு அந்தப் பக்கம், தூணுக்குள்ளே இருப்பது பெரும்பாலும் கடையின் பட்டா நிலம். தரை உரிமையாளருடையது. ஆனால் அதில் நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. பொருளை அடுக்கி வழியை மறித்தால் நாங்கள் வந்து அகற்றலாம், சம்மன் கொடுக்கலாம். தரை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் சொந்தக்காரர்.

கழன்றுகொள்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகு வாசித்துப் பார்த்தபோது அவர் வரைந்த கோடு சரியான கோடு என்று புரிந்தது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, 'தெரு' என்ற சொல்லுக்குள் பொதுமக்கள் நடக்கும் பாதைகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஐந்தடியை மறிப்பது குற்றம் என்கிறது அதன் 46-ஆவது பிரிவு. நிலம் ஒருவருக்கு, வழி ஊருக்கு. ஒரே தரையில் இரண்டு உரிமைகள்.

இந்த விநோத ஏற்பாட்டுக்கு வயது இருநூறுக்கு மேல். 1822-இல் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது, ஒவ்வொரு கடைவீட்டின் முன்னாலும் கூரையுள்ள, இடைவெளியில்லாமல் தொடரும் நடைவழி வேண்டும் என்று விதித்தார். வெயிலும் மழையும் தெரிந்த ஊருக்கு அது அருமையான யோசனை. கோலாலம்பூருக்கு அது வந்த கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. 1881-இல் கோலாலம்பூர் முதலில் தீயில் எரிந்தது, அதே வருடத்தில் வெள்ளத்திலும் மூழ்கியது. மரமும் அத்தாப்பும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டுங்கள் என்றார் அடுத்த ஆண்டு சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம். அவ்வளவு செங்கல்லுக்கு எங்கே போவது? சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது. கோலாலம்பூரின் ஐந்தடிகளைக் கட்டக் கல் சுட்டுக் கொடுத்த ஊரில்தான் அம்மா ஐந்தடியில் விழுந்தார்.

ராபிள்ஸ் வழி விடச் சொன்னார், சரி. தரையை யார், எந்த உயரத்தில் பராமரிப்பது என்ற தகராறு அன்றிலிருந்தே இருக்கிறது. 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராட்சி ஐந்தடிகளை மறித்திருந்த சரக்குகளை அகற்றக் கிளம்பியபோது கடைகள் அடைக்கப்பட்டன, கல்வீச்சு நடந்தது. மூன்று நாள் கலவரம். வரலாற்றில் அதற்கு 'வராந்தா கலவரம்' என்றே பெயர். கடைக்காரரின் நியாயம் எளிமையானது: என் நிலம், என் கூரை, என் காசு, இதில் நீ யார்?

இந்த வாசகத்தைப் பிறகு நான் வீட்டிலேயே கேட்பேன் என்று அப்போது தெரியாது.

அடுத்த வாரம் நிகழ்ச்சியில் இதையே பேசுபொருளாக வைத்தேன். 'உங்கள் ஊரில் நடக்க முடியாத வாசல் எது?' அரைமணி நேரத்துக்கு ஒதுக்கியது, இரண்டு மணி நேரம் ஓடியது. நிலையத்தில் இதற்கு எங்களுக்கு ஒரு பெயர் உண்டு: கொதிக்கிற பானை. மூடியைத் திறந்தால் போதும். பூச்சோங்கிலிருந்து ஒரு தாய், குழந்தை வண்டியைத் தூக்கித் தூக்கி முதுகுவலி வந்ததைச் சொன்னார். செந்தூலிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர், ஒரு கடைவரிசையைக் கடக்கத் தான் சாலையில் இறங்கி, பஸ்ஸோடும் லோரியோடும் போட்டி போட்டுப் போவதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நேயர்கள் சிரித்துக்கொண்டு சொல்லும் விஷயங்கள்தான் எனக்கு எப்போதும் பயமாக இருக்கும்.

இருந்தாலும் அன்று என்னை உலுக்கியது பிரிக்பீல்ட்ஸில் உடம்புப்பிடி வேலை செய்யும் பார்வையற்ற ஒருவரின் அழைப்பு. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை அந்த வட்டாரத்தில் தினமும் பார்க்கலாம். அவர்களுக்காகப் பதித்த மேடு வைத்த ஓடுகளையும் பார்க்கலாம். அந்த ஓடுகள் மேல் நிறுத்திய மோட்டார்களையும் பார்க்கலாம். நான் அனுதாபத்தோடு, "படியும் பள்ளமும் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குமே, அண்ணே" என்றேன்.

"இல்லம்மா," என்றார். "படி இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. பழைய படியெல்லாம் என் காலுக்கு மனப்பாடம். எங்க ஏறணும், எங்க இறங்கணும், எல்லாம் தெரியும். யாராவது கடைய புதுசா செஞ்சாதான் எனக்கு வினை. நேத்து இருந்த தரை இன்னைக்கு இருக்காது. உங்களுக்கு அது ரிப்பேர். எனக்கு அது விபத்து."

ஒலிவாங்கி முன்னால் பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். மௌனம் வானொலியில் பாவம் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று இரண்டு மூன்று நொடி எனக்குப் பேச்சு வரவில்லை.

அவர் சொன்னதை யோசிக்க யோசிக்க, இந்தப் பிரச்சினையை நான் தலைகீழாகப் புரிந்து வைத்திருந்தது தெரிந்தது. யாரும் பழுதுபார்ப்பதில்லை என்றுதான் நான் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எல்லாரும் பழுதுபார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் இருபதடி அகலத்தை மட்டும், தனக்குப் பிடித்த உயரத்தில், தனக்குப் பிடித்த டைல்ஸில் பழுதுபார்க்கிறார்கள். துணிக்கடை தரை நல்ல தரை. பாத்திரக் கடை தரையும் நல்ல தரை. அம்மாவின் கை உடைந்தது இரண்டு நல்ல தரைகளுக்கு நடுவில்.

வெளியூர்களில் என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். நியூயார்க்கில் வீட்டு முன்னால் உள்ள நடைபாதையைச் சீராக வைப்பது சொத்துக்காரர் கடமை. செய்யாவிட்டால் நகரமே செய்துவிட்டுக் கட்டணச்சீட்டு அனுப்பும். 2003 முதல், அங்கே யாராவது விழுந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் சொத்துக்காரர் தலையில். தாங்களே குடியிருக்கும் சிறிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. லாஸ் ஏஞ்சலிஸில் மாநிலச் சட்டம் சொத்துக்காரரைக் கைகாட்ட, 1970-களில் மரவேர் பெயர்த்த நடைபாதைகளை நகரமே எடுத்துக்கொள்ள, பிறகு அதற்குக் காசில்லாமல் போக, பல்லாண்டுகள் ஒருவரும் தொடவில்லை. சக்கர நாற்காலிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2016-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி நகரம் 30 ஆண்டுகளில் 130 கோடி டாலருக்கு மேல் செலவழிக்க வேண்டும். டென்வர் நகரத்தில் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. ஆளாளுக்குப் பழுதுபார்க்கும் முறை வேண்டாம், எல்லாரும் ஒரு கட்டணம் செலுத்துவோம், நகரம் மொத்தமாகச் செய்யட்டும் என்று 2022-இல் முடிவெடுத்தார்கள்.

டென்வர்காரர்கள்தான் சரி என்பது என் எண்ணம். காசு உரிமையாளரிடம் வாங்கட்டும், தவறில்லை, கடை வாடகை என்ன வருகிறது என்று நமக்குத் தெரியாதா? ஆனால் எந்த உயரம் என்பதை ஒருவர்தான் சொல்ல வேண்டும். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களுக்குள் போய்வரும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. அந்த உரிமை ஒரு கடை வாசலோடு முடிந்துபோய், அடுத்த கடை வாசலில் மறுபடி தொடங்க முடியாது.

இப்படியெல்லாம் நிகழ்ச்சியில் முழங்கினேன். மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கிள்ளானிலிருந்து.

"நிகழ்ச்சி நல்லா இருந்துச்சும்மா. அம்மா கை எப்படி இருக்கு? ஒண்ணு சொல்லணும், தப்பா நெனைக்காத. எனக்கு முட்டி போனது உங்க தாத்தா கடை வாசல்லதான். 2019-ல. உங்க அப்பா அங்கதான் நின்னாரு. நாற்காலி போட்டு, தண்ணி கொடுத்து, ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டாரு. அதனால நான் ஒண்ணும் சொல்லல."

ஜாலான் தெங்கு கிளானாவிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்களுக்கு ஒரு கடைவீடு இருக்கிறது. தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். இப்போது பிளாஸ்டிக் சாமான் விற்கும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் படிப்புச் செலவின் ஒரு பகுதி அந்த வாடகையில் இருந்துதான் வந்தது. அந்த வாசலில் நான் ஆயிரம் முறை ஏறி இறங்கியிருக்கிறேன். என் காலுக்கும் அது மனப்பாடம். அதனால்தான் ஒருநாளும் என் கண்ணில் படவில்லை.

அன்று மாலையே கிள்ளானுக்குப் போனேன். போய்ப் பார்த்தால் அதே சாண். எங்கள் தரை இடது பக்கக் கடையைவிட ஒரு சாண் உயரம், வலது பக்கக் கடையைவிட நான்கு விரல்கடை தாழ்வு. மேலே பழுப்பு நிறத்தில் வழவழப்பான டைல்ஸ். அப்பா 1995-இல் போட்டது.

இரவு உணவுக்குப் பிறகு பேச்சை எடுத்தேன். அம்மா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நம்ம கடை வாசல்ல ஒரு டீச்சர் விழுந்தாங்களாமே?"

"ஆமா. நான்தான் டாக்சி பிடிச்சுக் கொடுத்தேன்." குரலில் ஒரு பெருமை இருந்தது. உதவி செய்தவருக்கு வரும் நியாயமான பெருமை.

"அந்தத் தரைய ஏன் உயர்த்துனீங்க?"

"மழை பெஞ்சா லோங்காங் தண்ணி கடைக்குள்ள வரும். அரிசி மூட்டையெல்லாம் போச்சு. உங்க தாத்தா அழுதத நான் பார்த்திருக்கேன். உயர்த்தாம என்ன செய்ய?"

இதற்கு என்ன பதில் சொல்வது? 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்த யாரும் வாசலை உயர்த்துகிறவரைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு வீடு உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அதனால் பக்கத்து வீடும் உயர்த்தும். எங்கள் தெருவின் வாசல்களை வரிசையாகப் பார்த்தால், எந்தக் கடைக்குள் எப்போது தண்ணீர் புகுந்தது என்று கணக்கே எழுதிவிடலாம்.

"இப்ப அத சரிபண்ணலாமேப்பா."

"எதுக்கு? நம்ம தரை. கிராண்ட் நம்ம பேர்ல இருக்கு. நம்ம காசு. நடக்கிறவங்க பார்த்து நடக்கணும் லா."

"அம்மாவும் பார்த்துத்தானே நடந்தாங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவ்வளவுதான், வேறொன்றும் பேசவில்லை. சத்தத்தைக் குறைத்ததே போதுமானதாக இருந்தது.

அந்த வார இறுதியில் அப்பா கிராண்டையும் அதோடு இருந்த வரைபடத்தையும் எடுத்து மேசை மேல் விரித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பென்சிலால் எல்லையைத் தடவிப் பார்த்தார். ஐந்தடி முழுவதும் எங்கள் எல்லைக்குள்தான் இருந்தது. ஐம்பது வருடமாக அதற்கும் சேர்த்து நிலவரி கட்டியிருக்கிறோம். "அப்ப நாமதான்" என்றார்.

வந்த ஒப்பந்தக்காரர் அனுபவசாலி. உள்ளே கடையை இடிக்காமல் தரையைத் தாழ்த்த முடியாது, ஆனால் சாய்வு வைக்கலாம் என்றார். சக்கர நாற்காலி ஏறும் சாய்வுக்குப் பொதுவான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குலம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். இடது பக்கம் 20 சென்டிமீட்டர் உயரம், எனவே 2.4 மீட்டர் சாய்வு. வலது பக்கம் 8 சென்டிமீட்டருக்குள், ஏறத்தாழ ஒரு மீட்டர். கடையின் அகலம் ஆறு மீட்டர். நடுவில் கடை வாசலுக்குச் சமதரை மிச்சம் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் எங்கள் நிலத்துக்குள்ளேயே அடங்குகிறது! இத்தனை வருடம் பக்கத்துக் கடைக்காரர் ஒத்துழைக்க மாட்டார் என்பதுதான் எங்கள் சாக்கு. பக்கத்துக் கடைக்காரரைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மன்றத்தில் விசாரித்துக்கொண்டு, சீனப் பெருநாள் விடுமுறை கழிந்து வேலை தொடங்கினோம். வழவழப்பு டைல்ஸைப் பெயர்த்து, சொரசொரப்பானது பதித்து, நான்கு நாளில் முடிந்தது. செலவு 3,200 வெள்ளி. ஒன்றே முக்கால் மாத வாடகை. வாடகைக்காரர் நான்கு நாள் வியாபாரம் கெட்டது என்று முணுமுணுத்தார், அந்த மாத வாடகையில் அப்பா 300 வெள்ளி குறைத்துக்கொண்டார். டைல்ஸ் நிறம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மருத்துவமனைத் தரை மாதிரி இருக்கிறதாம்.

டீச்சரை அப்பா தானே போய் அழைத்து வந்தார். அவர் கைத்தடியோடு மெதுவாக அந்தச் சாய்வில் ஏறி, இறங்கி, "பரவாயில்லையே" என்றார். பிறகு இடது பக்கக் கடையைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்தப் பக்கம் இன்னொரு படி இருக்கே" என்றார். ஆசிரியை அல்லவா. அந்தத் தெருவில் இருபத்திரண்டு கடைகள். ஏறுவதும் இறங்குவதுமாகப் பதினேழு இடங்களை எண்ணினேன். இப்போது பதினைந்து.

பிரிக்பீல்ட்ஸில் அம்மா விழுந்த இடத்தில் பாத்திரக் கடைக்காரர் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார். அவர் தன் கைக்காசில் வாங்கிய சாயம். சுபாங் உரிமையாளருக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தமுறை எங்கள் கடைச் சாய்வின் அளவுகளையும் செலவுக் கணக்கையும் படத்தையும் சேர்த்து அனுப்பப்போகிறேன்.

போன வாரம், மறுபடி ஒலிபரப்பில் இருக்கும்போது, அப்பாவிடமிருந்து அழைப்பு. ஒருமுறை அல்ல, நான்கு முறை. பாட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். யாராவது விழுந்துவிட்டார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"யாரும் விழலம்மா," என்றார். "நம்ம வலது பக்கத்துக் கடையில லோரி வந்து டைல்ஸ் இறக்கிக்கிட்டிருக்கான். பழைய தரைய உடைக்காம அதுக்கு மேலேயே போடப் போறானாம். ரெண்டு அங்குலம் ஏறிடும். நம்ம சாய்வு பத்தாம போயிடும். அளவு டேப்ப எடுத்துக்கிட்டேன். நான் போய் பேசட்டுமா?"